தாய்மாமனுக்கு எந்த எண்?

துபாய் விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திருச்சி விமானம் ரத்து. நாளை மறுநாள் அன்னவாசலில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.

விமான நிறுவனத்துக்குப் போன் போட்டால் பதிவுக்குரல் பேசுகிறது. மருத்துவ அவசரத்துக்கு ஒன்றை அழுத்தவும், இறப்புக்கு இரண்டை அழுத்தவும்.

எனக்கு இரண்டும் இல்லை. வேறு வழியில்லாமல் ஒன்றை அழுத்தினேன்.

நோயாளி யார் என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் காதுகுத்தை விளக்கினேன்.

"இஸ் நெக்ஸ்ட் வீக் ஓகே, சார்?"

ஆத்திரத்தில் தமிழ் வந்துவிட்டது. "நான் தாய்மாமங்க! எம் மடியில உக்கார வச்சுத்தான் பிள்ளைக்குக் குத்தணும்!"

அந்தப் பெண்ணும் சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"அத மொதல்லயே சொல்லக்கூடாதாண்ணே? கொச்சி வழியா ஒரு சீட்டு இருக்கு, போட்டுத் தர்றேன்."

போட்டுவிட்டார்.

தாய்மாமனுக்கென்று மூன்றாம் எண்ணை வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? நீங்களே சொல்லுங்கள்.