தம்பி செய்த இறக்கையை அக்கா தட்டிப் பார்த்தாள்

அவளுக்குத் தட்டுகிற வியாதி. தர்பூசணி வாங்கப் போனால் கடைக்காரர் முகம் கோணுகிற வரைக்கும் ஒவ்வொன்றாகத் தட்டுவாள். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் குளியலறைச் சுவரைத் தட்டி, "இந்த டைல்ஸுக்குப் பின்னாடி வெறும் காத்துதான் இருக்கு" என்று சொல்லி, வீட்டுக்காரரை முதல் நாளே பகைத்துக்கொண்டாள். அவள் கணவன் மட்டும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வான்: "என் தலைய மட்டும் விட்டுடு. உள்ள ஒண்ணுமில்லன்னு ஊருக்கே தெரிஞ்சிடும்."

"அதுக்கு ஏன் தட்டணும்?" என்பாள் அவள்.

வியாதி வேலையிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்ஜின் இல்லாமல் காற்றிலேயே மிதக்கிற சின்ன விமானங்களுக்கு இறக்கை செய்யும் பட்டறை அது. பிசின் ஏறிய கார்பன் துணியை அச்சுக்குள் அடுக்கடுக்காகப் போட்டு, பெரிய அடுப்பில் வேகவைத்தால் இறக்கை. வெளியே பார்த்தால் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு வழவழப்பு. ஆனால் உள்ளே இரண்டு அடுக்கு ஒன்றோடொன்று பேசாமல் முறைத்துக்கொண்டு கிடந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மேலே ஏறின பிறகு தெரிந்து என்ன பயன்?

அதைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. பொத்தான் அளவு சென்சார்களை இறக்கைமேல் வரிசையாக ஒட்டுவாள். ஒன்று லேசாக நடுங்கும், மற்றவை காது கொடுக்கும். இறக்கையின் உடம்பு நன்றாக இருந்தால் அந்த நடுக்க அலை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வரும் நல்ல பிள்ளை. உள்ளே பிளவு இருந்தால் அங்கே நின்று, சுற்றி, வம்பளந்து, நேரம் கழித்துச் சட்டை கசங்கி வந்து சேரும். எங்கே சுற்றினாய் என்று திரையில் பார்த்து விசாரிக்க வேண்டும்.

முதலில் அவள் இறக்கைக்கு உப்புத்தாள் தேய்க்கிற பிரிவில்தான் இருந்தாள். அந்தக் கருவி வந்தபோது, திரையில் கோடு கோடாக ஓடுவதைப் பார்த்து எல்லோரும் தூரப் போனார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பரிசோதகர் தேர்வில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வி, மூன்றாவது தடவை தேறினாள். அந்தச் சான்றிதழ் இன்றைக்கும் வீட்டில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. கல்யாணப் படம் அதற்குக் கீழேதான்.

அதே பட்டறையில் துணி அடுக்குகிறவன் அவள் தம்பி. சின்ன வயதில் ஒல்லியாக இருந்ததால் குண்டூசி என்று பெயர். இப்போது வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, பெயரை மட்டும் யாரும் திருத்தவில்லை. அடுக்குகிற குழுவுக்கு அவனைத் தலைவனாக்கிய பிறகு அவன் பொறுப்பில் முதல் இறக்கை முடிந்தது. இது தேறினால்தான் பதவி நிலைக்கும். வாங்க வேண்டிய விமானி அன்று மதியம் வருவதாக இருந்தது.

காலையில் அக்கா சோதித்தாள். ஒரே ஒரு இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, அலை தாமதமாக வந்தது.

கதவு வழியாக வெயில் விழுகிறதே, சூட்டில் அலை மெதுவாகும் என்று கதவைச் சாத்தி, இறக்கை ஆறும் வரை காத்திருந்தாள். பிறகும் தாமதம். சென்சாரைச் சுரண்டி எடுத்துப் புதுப் பசை போட்டாள். மாறவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து அலையை அனுப்பிப் பார்த்தாள், அப்போதும் அதே தாமதம். கடைசியில் சின்னச் சுத்தியால் தட்டினாள். மற்ற இடமெல்லாம் 'டக்' என்றது, அங்கே மட்டும் 'தொப்'.

பழுது என்று சிவப்பு வட்டம் போட்டால் அந்த இடத்தை அறுத்துப் பார்த்தே ஆக வேண்டும். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் நல்ல இறக்கையைக் கெடுத்தவள் அவள். இருந்தால், தம்பி கதை முடிந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

குண்டூசி பக்கத்தில் வந்து குனிந்தான்.

"நல்லாப் பாத்தியாக்கா?"

"பாத்துட்டேன்."

"வெயிலு?"

"கதவச் சாத்தியாச்சு."

"பசை?"

"மாத்தியாச்சு."

"உன் கண்ணு?"

"அது ஒட்டித்தான் இருக்கு."

அவன் திரையில் இருந்த எல்லைக் கோட்டைக் காட்டி, குரலைத் தாழ்த்தினான். "கோட்டுக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமாடா?"

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். வட்டம் கோணாமல் விழுந்தது.

"அறுக்கறத நானே அறுக்கறேன். என் இறக்கை" என்றான் தம்பி.

மேலாளரும் குழுவும் சூழ்ந்து நிற்க, அடுக்கு அடுக்காக உரித்தான். மூன்றாம் அடுக்குக்குக் கீழே நீலமாக ஒரு துணுக்கு எட்டிப் பார்த்தது. துணிக்குப் பின்னால் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளின் கிழிந்த மூலை. உரித்துப் போட்டுவிட்டுத்தான் துணியை அடுக்க வேண்டும். அந்தத் தாளை உரித்தவன் யார் என்று யாருக்கும் தெரியாது. குழுவில் இருந்த, கல்யாணமாகிச் சில வாரமே ஆன புது மாப்பிள்ளைக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

"சார், உரிச்ச தாளையெல்லாம் எண்ணி வாங்கறது தலைவன் வேல" என்றான் குண்டூசி. "எண்ணிக்கை சரியா இருந்துச்சு. மூலை கிழிஞ்சிருக்கான்னு நான் விரிச்சுப் பாக்கல. தப்பு என்னுது."

மேலாளர் அந்த நீலத் துணுக்கை எடுத்து அவன் கையில் வைத்தார். "அப்ப சரி பண்றதும் நீதான். உன் குழுவ வெச்சே பண்ணு."

அக்கா திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

மதியம் வந்த விமானி, நடுவயதுப் பெண்மணி, நடந்ததைக் கேட்டுவிட்டு, தேதியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு போனார். குண்டூசி கெட்ட இடத்தைச் சரிவாகச் செதுக்கி, புதுத் துணி அடுக்கி, மறுபடி வேகவைத்தான். ஒவ்வொரு தாளையும் விரித்து, நாலு மூலையையும் தடவிப் பார்த்து வாங்கினான். புது மாப்பிள்ளைதான் எடுத்துக் கொடுத்தான்.

விமானி திரும்பி வந்த அன்று அவர் கண்ணெதிரிலேயே அக்கா சோதித்தாள். அலை எங்கேயும் நிற்காமல், சட்டை கசங்காமல் வந்து சேர்ந்தது.

"இத நம்பி ஏறலாமா?" என்று விமானி கேட்டார்.

"ஏறலாங்க" என்றாள் அக்கா. பிறகு, யாரும் கேட்காமலே, பட்டறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "செஞ்சது என் தம்பி."

குண்டூசி சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, பிசின் நெடி கண்ணில் ஏறிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தான். வெந்து காய்ந்த பிசினுக்கு நெடி கிடையாது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.