வள்ளம் இழுக்கும் வாகனத்துக்கு ரயர் விற்றவன்

ரயர் விற்பவனுக்கு, வாகனம் கடையை விட்டுப் போன பிறகுதான் வேலை தொடங்குகிறது: அது போய்ச் சேரும்வரை பயந்துகொண்டிருக்கும் வேலை. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு நெல்லியடியில் ஒரு ரயர் கடையில் நிற்கிறேன். கொடுத்த பொருளால் யாருக்கும் ஏதும் ஆகிவிடுமோ என்று மருந்துக்கடையிலோ மின்சாமான் கடையிலோ நின்று யோசிக்கும் உங்களுக்கு என் நிலை விளங்கும்.

பன்னிரண்டு பேர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன்; கடையில் ரயர் மாட்டும் நாதன் அண்ணை சொல்லித்தான் தெரியும். பருத்தித்துறைப் பக்கம் கடற்றொழில் செய்யும் யோகன் அண்ணை பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தட்டுள்ள தன் கப் வாகனத்தின் பின் சில்லுகளுக்கு இரண்டு ரயர் பார்க்க வந்தாராம். வாடைக்காற்று தொடங்கி இந்தக் கரையில் கடல் கொந்தளிக்குமுன் வள்ளத்தை ட்ரெயிலரில் ஏற்றி, கப்பின் பின்னால் கொழுவி, மன்னார்ப் பக்கம் இழுத்துப் போகவேண்டும்.

வள்ளம் என்ன நிறை என்று நாதன் அண்ணை கேட்டிருக்கிறார். அந்தக் கரையில் வள்ளத்தை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. எத்தனை பேர் பிடிக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. யோகன் அண்ணையும் அப்படியே சொன்னாராம்: "பன்னிரண்டு பேர் பிடிச்சால் தூக்கலாம். பதின்மூண்டாவது ஆளும் வருவார், அவர் வாயாலை மட்டும் தூக்கிறவர்."

பாரமும் சாமானும்

மறுநாள் அவர் திரும்பி வந்தபோது நான் நின்றேன். மலிவான இரண்டு ரயரைத் தெரிவு செய்து வைத்திருந்தார். அளவு சரி. ஆனால் ரயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்ததாக இருந்த எண் 104. அப்படியென்றால் ஒரு ரயர் தொள்ளாயிரம் கிலோ தாங்கும். அதே அளவில் 112 போட்ட ரயரும் இருந்தது. அது ஆயிரத்து நூற்றிருபது கிலோ தாங்கும். அளவு ஒன்றென்றால் ரயரும் ஒன்றுதானே என்றார் அவர்.

ட்ரெயிலரின் மூக்கு கப்பின் பின்பக்கத்தை அமத்தும் என்று விளக்கிவிட்டு, கப்பில் வேறு என்ன பாரம் ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். துருவிக் கேட்டபோதுதான் வந்தது: வலைகள், ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கான்கள், அரிசி, சட்டிபானை, வலைக்கு மேல் மச்சான் சுதன். பின் ரயர் வெடித்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அந்தச் சுதன்தான் என்று பயந்தேன். யோகன் அண்ணைக்கோ கூலிக்கு ஏற்றுவது மட்டும்தான் பாரம். என்னைப் பரிதாபமாகப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உது பாரமில்லை. உது எங்கடை சாமான்."

நிறுவை மேடை

எல்லாவற்றையும் ஏற்றி, வள்ளத்தையும் கொழுவிக்கொண்டு ஒருமுறை வாருங்கள், நிறுத்துப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். இவனோடு கதைப்பதை விட அது லேசு என்று நினைத்தாரோ, வந்தார். பழைய இரும்பு வாங்கும் ஒருவரிடம் லொறி நிறுக்கும் மேடை இருக்கிறது. கப்பின் பின் சில்லுகளை மட்டும் அதில் ஏற்றினோம். ஆயிரத்துத் தொள்ளாயிரம் காட்டியது. 104 போட்ட இரண்டு ரயரும் சேர்ந்து தாங்குவது ஆயிரத்து எண்ணூறு.

வலைக் குவியலின் மேலிருந்து சுதன் தலையை நீட்டினான்: "அத்தான், நான் இறங்கிறன். திருப்பி நிறுக்கச் சொல்லுங்கோ."

அவன் இறங்கியும் எண் எல்லைக்குள் வரவில்லை.

எடுக்காத தொலைபேசி

112 போட்டோம். ரயர் தாங்கினாலும் வாகனம் தாங்கவேண்டுமே என்று அரிசியையும் சட்டிபானையையும் பஸ்ஸில் அனுப்ப வைத்தேன். சுதனை முன்னால் இருத்தினேன். காற்றை நானே இரண்டுதரம் அளந்தேன். அவர்கள் புறப்பட்ட அன்று ஆனையிறவு தாண்டியிருப்பார்கள் என்று நினைத்த நேரத்தில் அழைத்தேன், எடுக்கவில்லை. பிறகும் எடுக்கவில்லை. வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு நின்றேன். பின்னேரம் அவரே அழைத்தார்: "வள்ளம் கரையிலை இறங்கீற்றுது. தம்பி, வெடிக்கிறதெண்டால் ரயர் வெடியாது, உம்மடை நெஞ்சுதான் வெடிக்கும்."

வள்ளத்தின் ரயர்

வாடை முடிந்து ஊர் திரும்பும் வழியில், யோகன் அண்ணை வள்ளத்தோடு கடை வாசலில் நிறுத்தினார். பின் ரயர்களைக் குனிந்து தடவிப் பார்த்தேன். வீக்கமும் இல்லை, வெடிப்பும் இல்லை. நிம்மதியாக நிமிர்ந்தபோதுதான் ட்ரெயிலரின் இரண்டு ரயரும் கண்ணில் பட்டன. வள்ளத்துக்கு அடித்த நீலப் பெயின்றை அவற்றின் பக்கங்களுக்கும் அழகாகப் பூசியிருந்தார்கள். எண் தெரியவில்லை. நான் அவற்றின் முன் குந்தியதைக் கண்டு அவர் சிரித்தார்: "உதை ஏன் பாக்கிறீர்? உது வள்ளத்தின்ரை ரயர், வாகனத்தின்ரை இல்லையே."

பிறகு பெயின்றைச் சுரண்டிப் பார்த்தேன்: 82, அதாவது ஒன்றுக்கு நானூற்றெழுபத்தைந்து கிலோ. பன்னிரண்டு பேர் தூக்கும் வள்ளம் இந்த இரண்டின் மேல்தான் மன்னார் போய் வந்திருக்கிறது. பயப்படுவதற்கும் சரியான ரயரைத் தெரிவு செய்யவேண்டும் போலிருக்கிறது.