நாலு பேருக்கு ஒரு சட்டி

அந்த மேசையில் நாலு பேர் இருந்தோம்: அந்த வீட்டில் குடியிருக்கும் ரூத், அவளுடைய தோழி சில்வியா, தாடிக்காரன் பேயாட் ஆகிய மூவரும், நானும். இல்லாதவர்கள் இருவர். ஒருவன் மார்க்குஸ். கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் போயிருந்தான். காலியான அவனுடைய அறைக்காகத்தான் நான் வந்திருந்தேன். மற்றவர் சிவமண்ணை, இங்கே எனக்குப் பழக்கமான தமிழர். துணைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, வேலை செய்யும் ரெஸ்டோரண்டில் முதலாளி விடாததால் நின்றுவிட்டார்.

நான் ஒரு வருடப் பரிமாற்ற மாணவனாக வின்டர்தூருக்கு வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. இங்கே மாணவர்கள் சேர்ந்து வீடு எடுத்தால், புதிதாக வருகிறவனை வீட்டுச் சொந்தக்காரர் தெரிவு செய்வதில்லை. கூட இருக்கப்போகிறவர்கள் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் அறை இல்லை. அறை இல்லாவிட்டால் எனக்கு இருந்த ஒரே வழி, தொலைவில் கூர் நகரத்திலிருக்கும் ஊரவர் ஒருவரோடு தங்கி நாள்தோறும் ரயிலில் வந்து போவது. உதவிப்பணம் ரயிலுக்கே போய்விடும். படிப்பை விட்டுத் திரும்பவேண்டியதுதான்.

சாப்பாட்டுக்கு முந்தின நாளே சிவமண்ணையிடம் விசாரித்தேன்.

"தம்பி, அவையள் உன்னைச் சாப்பிடக் கூப்பிடேல்லை. பாக்கக் கூப்பிட்டிருக்கினம். மாப்பிளை பாக்கிற மாதிரி."

"என்ன சமைப்பினம் அண்ணை?"

"ஃபோண்டூதான். சீஸை உருக்கிச் சட்டியோடை நடுவிலை வைப்பினம். எல்லாரும் சுத்தியிருந்து பாணைத் தோய்ச்சுத் தின்னுறது. பாண் சட்டிக்கை விழுந்தால் குத்தம்."

"ஒரே சட்டியிலையோ? வாயிலை வைச்ச கரண்டியோடையோ?"

"எனக்கென்னடா தெரியும்? நான் கோப்பை கழுவுறவன். சட்டி திரும்பி வரேக்கைதான் காணுறனான்."

அவர் காணாததை நான் கண்டேன். ரூத் நீண்ட முள்ளுக்கரண்டியில் பாண் ரொட்டித் துண்டைக் குத்தினாள், தோய்த்தாள், வாயில் வைத்தாள். பிறகு அதே கரண்டியை மறுபடி சட்டிக்குள் விட்டாள். பேயாட்டும் அப்படியே. சில்வியா நக்கியே விட்டாள். எனக்குக் கை எழவில்லை.

அவர்களுடைய எச்சிலை நினைத்தல்ல. என்னுடையதை நினைத்து. என் ஐயா பள்ளிக்கூடம் கண்டவரல்ல, கிணறு வெட்டுகிறவர். அவர் தண்ணீர் கண்டுகொடுத்த வீடுகளிலேயே அவருக்குக் கையில்தான் வார்ப்பார்கள். தேத்தண்ணிக் கடையில் அவருக்கென்று தனிப் போத்தல் இருந்தது. பிறத்தியார் பாத்திரத்தில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்க, எழுத்துப் படிக்குமுன்பே எனக்குப் பழக்கிவிட்டார். "தொட்டிட்டான் எண்டு ஒருத்தனும் சொல்லப்படாது" என்பார்.

ஆகவே அண்ணாந்தேன். கரண்டியை வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்து உதறினேன். முதல் துண்டு ஒழுங்காக விழுந்தது. நாக்கு வெந்தாலும் மானம் தப்பியது. இரண்டாவது துண்டின் சீஸ் நூலாக நீண்டு மூக்கில் படிந்தது. பாண் தோளில் பட்டு, மார்க்குஸின் தாய் பூவேலை செய்துகொடுத்த மேசைச்சீலையில் உருண்டது.

மூவரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"இது உன் மதமா?" என்று ரூத் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"இல்லை, மரியாதை."

"சீஸுக்கா?" பேயாட் உண்மையாகவே அக்கறையோடு கேட்டான்.

"உங்களுக்கு" என்றேன். என் வாய் பட்ட கரண்டி உங்கள் சட்டிக்குள் வரக்கூடாது என்று, தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அறை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சில்வியா நெற்றியில் கை வைத்தாள். "அப்படியானால் நாங்கள் இவ்வளவு நேரமும் உன்னை அவமதித்துக்கொண்டல்லவா இருக்கிறோம்!"

அடுத்த கணம் பேயாட் அண்ணாந்தான். தாடி முழுக்க சீஸ். ரூத்தின் துண்டு நேரே சட்டிக்குள் விழுந்தது. சிரித்த சிரிப்பில் சில்வியாவினுடையது அவள் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பாண் தவறவிட்டவர் பாத்திரம் கழுவவேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். கடைசியில் நால்வரும் குற்றவாளிகள்.

"நாங்கள் உன் முறையில் சாப்பிட்டாயிற்று. இனி நீ எங்கள் முறையில்" என்று பேயாட் கரண்டியை என் கையில் திணித்தான். வாயில் வைத்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டிக்குள் விட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் என்னால் நம்பமுடியாமல் இருந்தது. ரூத், மிளகுத்தூள் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை முடிவு கேட்கப் போனேன். கதவைத் திறந்த ரூத்தின் கையில், சலவைக்கடையிலிருந்து வந்த மேசைச்சீலை. கறைப்படுத்தியவன் நான். முழுக்காசையும் கொடுக்க ஆயத்தமாகப் பையில் கைவிட்டேன்.

"ஆளுக்கு மூன்று பிராங்" என்றாள். "இந்த வீட்டுச் செலவை எப்போதும் சமமாகத்தான் பிரிப்போம். இனி நாலாக."

பிறகு மார்க்குஸின் அறைப் பூட்டுக்கான திறப்பை நீட்டினாள். என் இரு கைகளும் தாமாகவே சேர்ந்து குழிந்தன, ஐயா தண்ணீருக்கு ஏந்துவதுபோலவே. ரூத்துக்கு அது விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே திறப்பை அந்தக் குழிக்குள் போட்டாள்.

அந்தச் சாப்பாட்டினால் எங்களுக்கு ஆன செலவு, மொத்தம் பன்னிரண்டு பிராங்.