விளக்கெண்ணெய் பிடித்த எஞ்சின்

இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் செய்கிறவர். கை பதறாது. செட் பொருந்தவில்லை என்று யாராவது திரும்பி வந்தால் மட்டும், “ஈறு சுருங்கிடுச்சுங்க, நான் என்ன பண்றது?” என்பார்.

அந்தக் கையை நம்பித்தான் மனைவி தன் அப்பாவின் மாடல் காரை ஓடவைக்கச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு முழ நீளம், அலுமினிய உடம்பு, உள்ளே நிஜ எஞ்சின். நடுக்கம்பத்தில் கம்பியால் கட்டி விட்டால் எரிபொருள் தீரும்வரை வட்டமடிக்கும் பந்தயக் கார். கடைசிப் பந்தயத்தில் கோப்பை ஜெயித்து, ஓடுகிற நிலையிலேயே பெட்டியில் வைத்ததாக மாமனார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் அசையவில்லை. அதன் எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். வருஷக்கணக்கில் கிடந்தால் பிசினாக இறுகிவிடும். லேசாகச் சூடு காட்டினால் இளகும். பல்செட்டுக்காகத் தினமும் மெழுகை இளக்குகிறவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை, சோறு ஆறுகிறது என்று அவள் இரண்டாம் முறை கூப்பிட்டபோது, சக்கர அச்சைக் குறடால் பிடித்து ஒரே திருகாகத் திருகினார். உள்ளே ‘டக்’கென்றது. பிறகு சக்கரம் தொளதொளவென்று சுற்றியது.

“என்னாச்சுங்க?”

“உள்ள தண்டு ஏற்கனவே ஒடஞ்சிருக்கு. உங்கப்பா ஒடஞ்சதத்தான் வச்சிருக்காரு.”

வாய் தானாகச் சொன்னது.

சாப்பிட்டு முடித்ததும் அவள் தம்பிக்குப் போன் போட்டாள். “டேய், அப்பா நமக்கெல்லாம் நல்லா காது குத்திட்டாருடா. கார் பாதியிலயே ஒடஞ்சு நின்னிருக்கு. அந்தக் கோப்பையும் கடையில வாங்கினதுதான் போல!” விழுந்து விழுந்து சிரித்தாள்.

போனை வைத்தபோது முகம் மாறியிருந்தது. “அப்பா எதுக்குங்க எங்கிட்டப் போய் பொய் சொல்லணும்? நான் என்ன கேட்டேன் அவர?”

அவர் கழுவிய கையை மறுபடியும் கழுவினார். செத்தவர் வந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்று ஒரு நினைப்பு ஓடியது. அப்படி நினைத்ததில் உடம்பே கூசிப்போயிற்று.

“நான்தான் ஒடச்சேன். சூடு காட்டாமத் திருகிட்டேன். உங்கப்பா சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல.”

அவள் தம்பியின் எண்ணை அழுத்திப் போனை நீட்டினாள்.

“நீங்களே சொல்லுங்க. அவன் எங்கப்பாவ நெனச்சு சிரிச்சுக்கிட்டிருக்கான்.”

“சொல்லுங்க அத்தான்,” என்றது அந்தப் பக்கம், இன்னும் சிரிப்பு அடங்காமல்.

நாற்காலி பக்கத்திலேயே கிடந்தது. அவர் நின்றுகொண்டே சொன்னார்.