சூடா இருந்தா ஓடும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் ஒரு சந்தில் வைத்து, நான் எழுதும் பத்திரிகைப் பத்தியை என் கண் முன்னாலேயே கொளுத்தினார்கள்.

கோபத்தில் அல்ல. கோபமென்றால் தாங்கிக்கொள்ளலாம், யாரோ படித்திருக்கிறார் என்றாவது ஆகும். பறையின் தோலைக் காய்ச்சப் பழைய பேப்பர் தேவைப்பட்டது... அதில் நான் இருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் ரத்தினத்தைப் பற்றி எழுதினேனே, நினைவிருக்கிறதா? செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து, ஒரு பட்டறையில் லாரிகளுக்கு வெல்டிங் அடிக்கிறான். மிச்ச நேரமெல்லாம் கிட்டாரில் மெட்டல் என்கிற முரட்டு ராக் வாசிக்கிறான். இரண்டு வருடத்தில் மூன்று கேசட்! நம்மவர்களுக்குக் கல்யாணத்துக்கு நாள் பார்க்கவே அவ்வளவு காலம் ஆகும்.

சிக்கல் என்னவென்றால், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. முதல் கேசட் தலைதெறிக்க ஓடியது. தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல எனக்குக் கேட்டது; இளவட்டங்கள் கொண்டாடினார்கள். இரண்டாவது நேர்மாறு — மெதுவாக, கனமாக, சவ ஊர்வலம்தான். மூன்றாவதில் பாட்டே இல்லை. கிட்டார் தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. முதலாவதை நம்பி மற்றதை வாங்கியவர்கள், கேசட் கடை கபூர் அண்ணனிடம் திரும்பக் கொண்டுவந்து சண்டை பிடித்தார்கள். கூட வாசித்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

கபூர் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். நாலாவது கேசட் முதலாவதைப் போல, முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தினத்துக்கு அவர் கடையில் இடமில்லை. மற்ற கடைக்காரர்கள் ஆரம்பத்திலேயே கையை விரித்தவர்கள். இதுவும் போனால் ரத்தினத்துக்கு வெல்டிங் மட்டும்தான்.

நான் சும்மா இருந்தேனா? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம் தம்பி, ஒரே வழியில் போ என்று இதே இடத்தில் எழுதினேன். அறிவுரை சொல்வதற்கு என்ன, நோகாத வேலை.

ஆள் படித்துவிட்டான். வீடு தேடி வந்து, முழுக்க வேகப் பாட்டுதான் போடப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை ரெகார்டிங், வந்து பாருங்கள் என்றான். குரலில் சுரத்தே இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் கண்டுகொள்ளவில்லை.

ஸ்டூடியோ ஒரு சீன முதலாளியுடையது; தவுக்கே என்போம். காலையிலிருந்து நாலு மணி வரைதான் அனுமதி. டிரம்ஸ் அடிக்க ஆள் இல்லாததால், ரத்தினத்தின் மச்சான் முனியாண்டி பறையோடு வந்திருந்தான். வார நாட்களில் பஸ் கண்டக்டர்; தோட்டத்துத் திருவிழாவென்றால் அவன்தான் பறை.

பறை அடிக்கிறவர்கள் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றாமல் குச்சியைத் தொட மாட்டார்கள். முனியாண்டி பின் சந்தில் பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு உள்ளே ஓடி வந்தான். முதல் பாட்டு பறந்தது. அடுத்த பாட்டின் பாதியில் பறை 'தொப் தொப்' என்றது. எல்லாம் ஏர்கோன் செய்த வேலை! குளிரில் தோல் தொய்ந்துவிட்டது. ஏர்கோனை அடைத்தால் ரெகார்டிங் மெஷின் கெட்டுவிடும் என்று தவுக்கே மறுத்துவிட்டார்.

மறுபடி சந்து, மறுபடி நெருப்பு... கொண்டுவந்த பேப்பர் தீர்ந்தது. தவுக்கே கொடுத்த சீனப் பேப்பரும் தீர்ந்தது. கடைசியில் ரத்தினம் கிட்டார் பைக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தான். என் அறிவுரை. என் படம்தான் முதலில் சுருண்டது.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றான். கொளுத்திய பிறகு.

மணி இரண்டு. தேறியது இரண்டே பாட்டு. ரத்தினம் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"போதும் மச்சான். வீட்டுக்குப் போலாம்."

முனியாண்டியோ எழுந்திருக்கவில்லை. அவனுக்குக் கை சும்மா இருக்காது. ஆறிப்போன தோலிலேயே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். அந்தத் தொய்ந்த சத்தத்தைக் கேட்டு ரத்தினம் தலையைத் தூக்கினான். கிட்டார் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான் — பறையின் சுதிக்கு இறங்கும் வரைக்கும். பிறகு, மெதுவாக, ரொம்ப மெதுவாக வாசித்தான்.

எனக்கு மெட்டல் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு தோலோடு மல்லுக்கட்டவே இல்லை. முனியாண்டி கொளுத்துவதற்குப் பக்கத்துக் கடையில் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தான். தோல் சூடாக இருந்தால் வேகப் பாட்டு, ஆறியதும் மெதுவான பாட்டு. நாலு மணிக்குள் ஆறு பாட்டு முடிந்தது. வேகமானது ஏ பக்கம், மெதுவானது பி பக்கம். இரண்டிலும் ஒரே மேளமா என்று தவுக்கே மலாயில் இரண்டு தடவை கேட்டார்.

புதன்கிழமை கபூர் அண்ணன் கடையில் போட்டுக் காட்டினோம். இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டார்.

"ஒரே மாதிரி கேட்டேன். நீ ரெண்டு மாதிரி கொண்டாந்திருக்கே."

"ஒரே தோலுதாண்ணே" என்றான் ரத்தினம். "சூடா இருந்தா ஓடும். ஆறுனா நடக்கும்."

கபூர் அண்ணன் எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்த பழைய மூன்று கேசட்டுகளையும் இறக்கினார். தூசி தட்டி, வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி வரிசையாக வைத்தார். பக்கத்தில் நாலாவதுக்கு இடம் விட்டார்.

"எவனாச்சும் திருப்பிக் கொண்டாந்தா, நீ சொன்னதையே நானும் சொல்லிக்கிறேன். போய் கவர் அடிச்சிட்டு வா லா."

ரத்தினம் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஐந்தாவது எந்த மாதிரி என்று கேட்டேன். தெரியாதாம். அதுவும் சிரித்துக்கொண்டே.

ஒரு மனுஷனுக்குள் ஒரே வேகம்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னது? நான்தான். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி ரத்தினம், இந்தத் தாளையும் கிட்டார் பையில் வைத்துக்கொள். கொளுத்தும்போது மட்டும், என் படத்தை வெட்டி எடுத்துவிடு!