பின் வகிடு

ஏம்பலத்தில் எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் தாமாகத் தலை பின்னிக்கொள்வதில்லை. கல்யாணம் வரை அம்மாவோ அத்தையோ பின்னிவிடுவார்கள். தானே பின்னிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்தால், பாவம், தாயில்லாப் பெண் போலிருக்கிறது என்றுதான் நினைப்போம்.

பாண்டியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் என் மகளைச் சேர்க்கக் கேட்டபோது, மதர் முதலில் விசாரித்தது அதைத்தான்.

"ரெட்டைச் சடை தானே பின்னிக்குவாளா? இல்லன்னா முடிய வெட்டிடுவோம்."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. தன் வேலையைத் தானே செய்வதுதான் அங்கே நல்ல பிள்ளைக்கு அடையாளம்.

விடுதி வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன். கரும்புக் கொல்லையிலிருந்து திரும்பிக் காலைக் கழுவும்போதெல்லாம் என் கணவர், "இந்தச் சேறு என்னோட போவட்டும்" என்பார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு அடுப்படிக்கு வந்தவள் நான். அவள் என்னைத் தாண்டிப் போகட்டும் என்று நினைத்தேன்.

கோடை விடுமுறை முழுக்கச் சடை பின்னச் சொல்லிக்கொடுத்தேன். கை வலிக்கிறது என்று அவள் சிணுங்கியதுமே சீப்பை வாங்கிக்கொள்வேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து பார்ப்பார்.

"ஏழு வயசுக் கொழந்திய வூட்ட வுட்டு அனுப்பி இன்னாடி பண்ணப் போற? கலெக்டராக்கப் போறியா?"

"டீச்சரானா போதும்க்கா."

"நல்லா கத்துக் குடுக்கற போ. சீப்பு உன் கையிலதான இருக்குது."

ஜூனில் அவளை விட்டுவிட்டு வந்தோம். முதல் விடுமுறை வரை வீட்டார் வரக் கூடாது, பிள்ளை ஏங்கிவிடும் என்றார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் போகும் நேரத்துக்கு என் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடும். முடியை வெட்டியிருப்பார்களோ, இன்னும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கலாமோ, அனுப்பியதே தப்போ என்று ஓடிக்கொண்டிருக்கும். என் தலையையே இரண்டாம் முறை வாரிக்கொள்வேன்.

ஆயுத பூஜை விடுமுறைக்கு அவள் அப்பாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, முகத்தைப் பார்க்கும் முன் தலையைத்தான் பார்த்தேன். இரண்டு சடை, இறுக்கமாக, மடித்து ரிப்பன் கட்டியிருந்தாள். என் கணவர் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களிடமெல்லாம், "அவளே பின்னுனது" என்றார்.

மறுநாள் காலை எண்ணெயோடு அவள் பின்னால் போய் நின்றேன்.

"நானே பின்னிக்குவேம்மா" என்றாள். கொஞ்சம் பொறுத்துச் சீப்பை நீட்டினாள். "பின்னாடி வகிடு மட்டும் எடுத்து வுடு. அது எனக்கு வராது. அங்க பக்கத்துக் கட்டில் அக்கா எடுத்து வுடுவாங்க."

உச்சியிலிருந்து பிடரி வரை மெல்லக் கோடு இழுத்தேன்.

"நேரா வந்துச்சாம்மா?"

நேராகத்தான் வந்திருந்தது.

"இல்லடி, கொஞ்சம் இரு" என்று கலைத்துவிட்டு, மறுபடியும் உச்சியில் சீப்பை வைத்தேன்.