உயிரோடு இருந்தவருக்கு விழுந்த மாலை

சென்னைக் கடற்கரையில் மீனவர்கள் வாழும் ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஊர் ஊராகச் சுற்றும் எனக்குக் கைபேசியில் வீடியோ செய்து தருவதுதான் அப்போதைய பிழைப்பு. மீனவர் ஏழுமலையின் பிறந்தநாளுக்கு அவர் மனைவி கேட்ட வீடியோவில், இலவசச் செயலியின் பூ எஃபெக்டை முழுதும் ஓட்டிப் பார்க்காமல் சேர்த்துவிட்டேன். கடைசி நொடியில் அவர் படத்துக்கு மாலை விழுந்து, முன்னால் விளக்கு எரிந்தது.

"கடலுக்குப் போன மனுசன் இன்னும் வர்ல. நீ இன்னாடான்னா மாலை போட்டுக்கினு கீற!" என்று அந்த அக்கா அலறியதும்தான் அப்படி நடையைக் கட்டினேன்.

அன்று இரவும் அவர் படகு திரும்பவில்லை. வீடியோவை அழித்தும், செயலியைத் திறந்தபோதெல்லாம் அவர் முகத்தின் முன் அந்த விளக்கு அசைவதுபோல் எனக்குத் தோன்றியது.

விடிந்ததும் கரைக்கு ஓடினேன். இன்ஜின் பழுதாகி மெல்ல வந்து சேர்ந்த படகிலிருந்து ஏழுமலை இறங்கினார். மனைவி அழுதுகொண்டே என்னைக் காட்டினார்.

"எனக்கு மாலை போட்டவன் நீதானா நைனா? வா, வந்து வலைய பிரி!"

இப்போது எப்போதாவது வீடியோ செய்தாலும், எந்த எஃபெக்டையும் கடைசி நொடிவரை பார்க்காமல் சேர்ப்பதில்லை. அன்று காலையே அவரிடம் வலை பிரிக்கும் வேலையில் சேர்ந்தேன்.